முதலாளி பணக்காரனாகும் வாரம்

பிப்ரவரி 4

அண்ணா,

உறையின் மேல் என் கையெழுத்தைப் பார்த்ததும் பிரிக்காமலேயே அண்ணியிடம் நீட்டி, "உன் நாத்தனார் எழுதியிருக்கா, நீயே படிச்சுக்கோ" என்று சொல்லியிருப்பாய். அண்ணி, நன்றாக இருக்கிறீர்களா? இதை அவரிடமே திருப்பிக் கொடுத்துவிடுங்கள். பாசம் கீசம் ஒன்றுமில்லை, தொழில் விஷயம் என்று சொல்லுங்கள். தொழில் என்றால் படிப்பார்.

தொலைபேசியில் என் குரல் கேட்டால் நீ வைத்துவிடுகிறாய். கடிதத்தை அப்படி வைக்க முடியாது, கிழிக்கத்தான் முடியும். நீ காகிதம் கிழிக்கிற ஆள் இல்லை. பின்பக்கம் வெள்ளையாக இருந்தால் எடுத்து வைத்துக்கொள்வாய். அந்த லாபமும் உனக்குக் கிடைக்கக் கூடாது என்று இரண்டு பக்கமும் எழுதுகிறேன்.

'அடுத்த வாரம் பணக்காரன்' முடியப் போகிறது. ஊரே பார்க்கிற, நீ மட்டும் பார்க்காத என் தொலைக்காட்சித் தொடர். ஒன்பது வருஷமாக வெள்ளிக்கிழமை தவறாமல் ஒரு மனிதனைப் பணக்காரன் ஆகவிடாமல் தடுத்துக்கொண்டிருக்கிறேன். கையில் காலணா இல்லாதவனைத் தெருவே 'முதலாளி' என்று கிண்டலாகக் கூப்பிடும். அவன் ஒவ்வொரு வாரமும் ஒரு யோசனையோடு எழுந்திருப்பான். கடற்காற்றைப் பாட்டிலில் அடைத்து விற்றான். வெயில் நாளில் நிழலை வாடகைக்கு விட்டான். எல்லாம் கவிழ்ந்து, கடைசியில் குடும்பம் அதே பழுப்பு சோபாவில் வந்து உட்காரும். விளக்கு மங்கும். "வந்துடுச்சுன்னு வை..." என்று அவன் ஆரம்பிப்பான். பணம் வந்துவிட்டதாக வைத்துக்கொண்டு முதலில் என்ன வாங்குவது என்று புருஷனும் பெண்டாட்டியும் பேசிக்கொண்டே கண்ணை மூடுவார்கள்.

நேற்று தொலைக்காட்சி நிலையத்தின் மேலாளர் கூப்பிட்டுச் சொன்னார்: "கடைசி வாரமாவது அந்த ஆளைப் பணக்காரன் ஆக்கிடுங்கம்மா. ஜனங்க பாவம், எத்தனை வருஷமா காத்துக்கிட்டு இருக்காங்க."

சரி என்று தலையாட்டிவிட்டு வந்துவிட்டேன். வந்த பிறகுதான் சிக்கல் புரிந்தது. என் வேலைமுறை உனக்குத் தெரியாது. நான் கடைசிக் காட்சியைத்தான் முதலில் எழுதுவேன். எல்லாரையும் சோபாவில் உட்கார வைத்துவிட்டு, எங்கே விழுந்து இங்கே வந்தார்கள் என்று பின்னோக்கிப் போவேன். இப்போது சோபாவை எடுத்துவிட்டார்கள். என் கதைக்கு உட்கார இடமில்லை.

எனக்குத் தெரிந்த ஒரே பணக்காரன் நீதான். எப்படி ஆவது என்று சொல்லு.

தங்கை


பிப்ரவரி 12

தங்கைக்கு,

உன் அண்ணி கொடுத்தாள். படித்தேன். தொழில் விஷயம் என்றதால் பதில் எழுதுகிறேன்.

முதலில் என் கணக்கைப் பேசிவிடலாம். நான் மூடி வியாபாரம் ஆரம்பிக்கப் போவதாக இந்த உலகத்தில் இரண்டு பேரிடம்தான் சொன்னேன். ஒருத்தி உன் அண்ணி. ஒருத்தி நீ. எல்லார் வீட்டிலும் பாத்திரம் இருக்கிறது, மூடி இல்லை. பாத்திரம் ஓட்டை விழுவதற்கு முன்னால் மூடி தொலைந்துவிடும். மூடி மட்டும் தனியாக, ஓரத்தில் ரப்பர் வைத்து, ஒரே மூடி நாலு வாய்க்குப் பொருந்துகிற மாதிரி செய்தால் விற்கும் என்றேன். நீ "சூப்பர் அண்ணா, சூப்பர்" என்று கைதட்டினாய். மூன்றாவது வாரம் உன் முதலாளி வீடு முழுக்க மூடியை இறக்கி, ஒன்றுகூட எந்தப் பாத்திரத்துக்கும் பொருந்தாமல், தலையில் ஒன்றைக் கவிழ்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறான். ஊரே சிரிக்கிறது.

சரக்கு எடுத்துக்கொள்கிறேன் என்று சொல்லியிருந்த கடைக்காரர்கள் திங்கட்கிழமையே பெட்டியைப் பிரிக்காமல் திருப்பி அனுப்பினார்கள். ஒருவர் மட்டும் மரியாதைக்கு டீ வாங்கிக் கொடுத்து, "ஜோக்கு நல்லாத்தான் சார் இருக்கு, கடையில வச்சா கஸ்டமரும் சிரிப்பாங்களே" என்றார். பையைத் தோளில் மாட்டிக்கொண்டு வீடு வீடாக நான் ஏறி இறங்கியது உன் தொடரில் வரவில்லை. கதவைத் திறந்தவர்கள் "ஐயோ மூடி!" என்று உள்ளே திரும்பிக் குழந்தைகளைக் கூப்பிட்டதும் வரவில்லை.

உன் கேள்விக்கு வருகிறேன். லாட்டரி வேண்டாம். புதையல் வேண்டாம். செத்துப்போன சித்தப்பா வேண்டாம். சும்மா வந்தது என்றால் பார்க்கிறவன் தனக்கும் சும்மா வரும் என்று காத்துக்கொண்டிருப்பான். ஏற்கெனவே ஒன்பது வருஷம் காத்திருக்கிறான்.

நான் உன் தொடரைப் பார்ப்பதில்லை. ஆனால் நிழலை வாடகைக்கு விட்ட யோசனை அவ்வளவு மோசமில்லை. சந்தைக்கு வெளியே போட்டிருக்க வேண்டும். பூங்காவில் போட்டான், மரம் இருக்கிற இடத்தில். அங்கே யார் காசு கொடுப்பார்கள்?

அண்ணன்


பிப்ரவரி 19

அண்ணா,

பார்ப்பதில்லை, ஆனால் பூங்கா தெரியும். சரி, சரி. நான் ஒன்றும் கேட்கவில்லை.

மூடியைப் பற்றி. அது தோற்கும் என்று நான் முடிவு செய்யவில்லை அண்ணா. சோபாவை முதலில் எழுதிவிட்டேன். சோபாவுக்கு வர வேண்டுமென்றால் எது செய்தாலும் கவிழ வேண்டும். அந்த வாரம் கையில் இருந்த யோசனை மூடி. எல்லாவற்றையும்விட அழகாக இருந்ததும் மூடிதான். அதனால்தான் எடுத்தேன். இதை நீ நம்ப மாட்டாய்.

நீ அரங்கத்தை நேரில் பார்த்ததே இல்லையே. ஒரு பெரிய கொட்டகை. நடுவில் மூன்று சுவரோடு ஒரு வீடு. நாலாவது சுவர் இருக்க வேண்டிய இடத்தில் இருட்டு, அந்த இருட்டுக்குள் இருநூறு பேர். ஜன்னலுக்கு வெளியே சாயங்காலத்தைப் பலகையில் வரைந்து வைத்திருக்கிறார்கள். ஒன்பது வருஷமாக அது இருட்டவும் இல்லை, விடியவும் இல்லை. கூரை கிடையாது. அண்ணாந்து பார்த்தால் விளக்குகள் கொத்துக் கொத்தாகத் தொங்கும். படப்பிடிப்பு இல்லாத நாளில் நான் போய் அந்தச் சோபாவில் படுத்துக்கொள்வேன். விளக்குகளைப் பார்த்துக்கொண்டிருந்தால் எங்கோ மிதக்கிற மாதிரி இருக்கும். நாம் சின்ன வயதில் தரையில் படுத்துக்கொண்டு "வந்துடுச்சுன்னு வை" என்று ஆரம்பிப்போமே, அதேபோல. முதல் நாள் நீ எனக்கு ஒரு ரயில் வாங்கிக் கொடுத்தாய். மறுநாள் தண்டவாளம் வாங்க மறந்துவிட்டோம் என்றாய். சிரித்துச் சிரித்து அம்மா தையல் மெஷினை நிறுத்திவிட்டு அதட்டினாள்.

கடைசி வாரத்துக்கு ஒன்று எழுதியிருக்கிறேன், கேள். முதலாளிக்கு எப்படியோ பணம் வந்துவிடுகிறது. பெரிய மாளிகை. ஆளுக்கு ஓர் அறை. சாப்பாட்டு மேஜை நீளமோ நீளம், உப்பைக் கேட்டால் வந்து சேர்வதற்குள் சாப்பாடு ஆறிவிடுகிறது. யாரும் யாரோடும் பேசுவதில்லை. ஒருநாள் முதலாளி பழைய வீட்டுக்குத் திரும்பி வந்து அந்தச் சோபாவில் உட்கார்ந்து அழுகிறான். ஒவ்வொருவராக எல்லாரும் வந்துவிடுகிறார்கள். பணத்தையெல்லாம் தானம் கொடுத்துவிட்டு மறுபடியும் "வந்துடுச்சுன்னு வை" என்கிறான்.

எழுதும்போது எனக்கே அழுகை வந்துவிட்டது. மேலாளருக்கும் பிடித்திருக்கிறது. நீ என்ன சொல்கிறாய்?

தங்கை


மார்ச் 1

தங்கைக்கு,

உன் கடிதத்தைக் கடையில் வைத்துப் படித்தேன். படித்துவிட்டு வேலை பார்க்கிற பையன் ஒருவனிடம் காரணமில்லாமல் சள்ளென்று விழுந்தேன். பிறகு அவனுக்கு டீ வாங்கிக் கொடுக்க வேண்டியதாயிற்று.

பச்சைப் பொய். திரும்பிப் போகிறவன் எவனுமில்லை. நானும் எத்தனையோ பணக்காரர்களைப் பார்த்துவிட்டேன். கஞ்சன் உண்டு, அகங்காரி உண்டு, தூக்கம் வராதவன் உண்டு. பழைய வீட்டு வாசலில் போய் நின்று அழுதவன் ஒருவன்கூட இல்லை. பணம் நல்லது. பல் வலித்தால் அன்றைக்கே பிடுங்கலாம். மழைக்காலத்தில் காய்ந்த துணி உடுத்தலாம். இதற்கெல்லாம் ஒருவன் ஏன் அழ வேண்டும்?

அந்தச் சோபாவில் உட்கார்ந்தவர்கள் சிரித்துக்கொண்டே இருப்பதாக எழுதுகிறாய். நாம் எப்போது சிரித்தோம்? ரயில் வாங்கினது உனக்கு ஞாபகம் இருக்கிறது. அன்றைக்கு ஏன் அந்த விளையாட்டை ஆரம்பித்தேன் என்பது ஞாபகம் இருக்கிறதா? சாப்பாடு ஒருத்தருக்குத்தான் இருந்தது. அம்மா பசிக்கவில்லை என்றாள். நானும் சொன்னேன். நீ சாப்பிட்டுவிட்டு எங்கள் முகத்தைப் பார்த்துவிடக் கூடாதே என்றுதான் ரயிலை விட்டேன். உனக்கு அது கனவு. எனக்கு அது வேலை.

இன்னொன்றும் கேட்கிறேன். குளிர்சாதனப் பெட்டி அனுப்பினேன், ஏற்றி வந்த வண்டியிலேயே திருப்பி அனுப்பினாய். வீடு கட்டிக் குடிபோன அன்றைக்கு நீ வரவில்லை. மூடிச் சண்டையால்தான் என்று உன் அண்ணியிடம் சொல்லிக்கொண்டிருந்தேன். உண்மை அதுவல்ல. நான் ஏழையாக இருந்தவரைக்கும் உனக்கு என்னைப் பிடித்திருந்தது. யோசனை சொல்லி, கவிழ்ந்து, தலையைச் சொறிந்துகொண்டு நின்ற அண்ணனைத்தான் உனக்குப் பிடிக்கும். அதனால்தான் அவனை ஒன்பது வருஷமாக அந்தச் சோபாவிலேயே கட்டிப் போட்டிருக்கிறாய்.

எனக்கு அடிக்கடி ஒரு கனவு வருகிறது. யாரிடமும் சொன்னதில்லை. மூன்று சுவர் வைத்த வீட்டுக்குள் நிற்கிறேன். நாலாவது பக்கம் இருட்டு. மேஜை மேல் வரிசையாகப் பாத்திரங்கள். ஒரு மூடியை எடுத்து வைக்கிறேன், கச்சிதமாகப் பொருந்துகிறது. அடுத்ததும் பொருந்துகிறது. எல்லாமே பொருந்துகிறது. இருட்டு சிரித்துக்கொண்டே இருக்கிறது.

அவனைப் பணக்காரனாக விடு. சும்மா விடு. அழவைக்காதே.

அண்ணன்


மார்ச் 8

அண்ணா,

நீ சொன்னதை நாலு நாளாக மென்றுகொண்டிருக்கிறேன். விழுங்கவும் முடியவில்லை, துப்பவும் முடியவில்லை.

சாப்பாட்டு விஷயம் எனக்குத் தெரியாது. தெரியாது என்றே இருந்துவிட்டேன், அவ்வளவுதான் சொல்ல முடியும்.

குடிபோன அன்றைக்கு நான் வந்தேன். வாசல் கேட்டு வரைக்கும் வந்தேன். காவல்காரர் என் பையைப் பார்த்துவிட்டு, "சமையல் ஆளுங்கன்னா பின்வாசல்மா" என்றார். அதற்காகத் திரும்பவில்லை. அவரைப் பார்த்துச் சிரித்தேன்கூட. உள்ளே வராண்டாவுக்குப் பக்கத்தில் ஒரு குழாயை நீ யாரோ நாலு பேருக்குத் திறந்து காட்டிக்கொண்டிருந்தாய். திறப்பதும் மூடுவதும் சிரிப்பதுமாக. அந்தச் சிரிப்பு எனக்குத் தெரியாத சிரிப்பு அண்ணா. உன் எல்லாச் சிரிப்பும் எனக்குத் தெரியும் என்று நினைத்திருந்தேன். அவற்றை வைத்துத்தான் நான் பிழைப்பு நடத்துகிறேன். இது யாரோ ஒரு முதலாளியின் சிரிப்பு. கையில் வைத்திருந்த பரிசைப் பேருந்திலேயே விட்டுவிட்டு வீட்டுக்கு வந்துவிட்டேன்.

நீ சொன்னது சரியாகவே இருக்கட்டும். எனக்குப் பழைய அண்ணன்தான் வேண்டியிருந்தது. அதற்கு என்ன செய்ய?

மாளிகைக் கதையைக் கிழித்துப் போட்டுவிட்டேன். ஒருபக்கம்தான் எழுதியிருந்தது, உனக்கு அனுப்பியிருக்கலாம். மேலாளர் கேட்கிறார், நடிகர் கேட்கிறார், என்னிடம் வெறும் காகிதம்தான் இருக்கிறது. இந்த மாதக் கடைசிக்குள் நான் தராவிட்டால் வேறு யாரையோ வைத்து எழுதிவிடுவார்களாம். வருகிறவர் லாட்டரிதான் எழுதுவார். அதில் சந்தேகமே இல்லை.

எப்படிப் பணக்காரன் ஆவது என்று இனிமேல் கேட்க மாட்டேன். ஆகிவிட்டோம் என்று உனக்கு எப்போது தெரிந்தது? அது ஒன்றை மட்டும் சொல்லு.

தங்கை


மார்ச் 15

தங்கைக்கு,

அந்தக் குழாயில் வெந்நீர் வந்தது. அடுப்பு மூட்டாமல், சுமக்காமல், திருகினால் வெந்நீர். அதைப் பார்த்துத்தான் சிரித்தேன். அப்படியொரு சிரிப்பு எனக்குள் இருப்பது எனக்கே அன்றைக்குத்தான் தெரியும். பக்கத்தில் வந்து கேட்டிருந்தால் உனக்கும் திறந்து காட்டியிருப்பேன். காவல்காரரை இப்போது என்ன செய்ய? அவர் வேலையை விட்டுப் போயே வருஷங்கள் ஆகிவிட்டன. திட்டக்கூட ஆள் இல்லை.

நீ கேட்ட அந்த நாளைத் தேடினேன். மூடிப் பையைத் தூக்கிக்கொண்டு அலைந்தது, மூடி செய்ய வைத்த முதல் பட்டறை, இரண்டாவது பட்டறை, வெளியூர்ச் சரக்கு, எல்லாவற்றையும் புரட்டிப் பார்த்தேன். எங்கேயும் "ஆகிவிட்டேன்" என்று தோன்றவில்லை. "இது போய்விட்டால்?" என்றுதான் தோன்றியது. ஒரே ஓர் இடம் தட்டுப்பட்டது. நீ சிரிக்கலாம், பரவாயில்லை.

நம் வீட்டுத் தகரக் கூரை ஞாபகம் இருக்குமே. எங்கெங்கே ஒழுகும் என்று நமக்கு மனப்பாடம். அடுப்பு மூலை உனக்கு, கட்டில் பக்கம் எனக்கு, தையல் மெஷினுக்கு மேலே அம்மாவுக்கு. அவரவர் பாத்திரம் அவரவருக்கு. எங்கே இருந்தாலும், வானம் கறுத்தால் ஓடி வருவோம். கல்யாணமாகி வேறு வீட்டுக்குப் போன பிறகும், வாடகை வீட்டில் ஒழுகாத அறையில் படுத்திருந்தாலும், முதல் சொட்டு விழுந்ததும் என் உடம்பு தானாக எழுந்து நிற்கும். எழுந்து நின்றபிறகுதான் எனக்கு விழிப்பே வரும்.

புது வீட்டுக்கு வந்து கொஞ்ச காலம் கழித்து ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம். சாப்பிட்டுவிட்டுப் படுத்திருந்தேன். நல்ல மழை பிடித்தது. கேட்டுக்கொண்டே படுத்திருந்தேன். மெதுவாக ஆரம்பித்து, மரத்தில் ஒரு மாதிரி, சுவரில் ஒரு மாதிரி, தூரத்தில் ஒரு மாதிரி. மழைக்கு இப்படியெல்லாம் சத்தம் உண்டு என்று எனக்குத் தெரியாது. அதுவரை மழை என்றால் பாத்திரத்தில் விழுகிற சத்தம்தான். ரொம்ப நேரம் கழித்துத்தான் உறைத்தது: நான் எழுந்திருக்கவில்லை.

அன்றைக்குத்தான். வேறெதுவும் இல்லை.

எப்படி ஆனான் என்பதை உன் அரைமணி நேரத்தில் காட்டப் பார்க்காதே. பார்க்க சலிப்பாக இருக்கும். பை சுமப்பதைக் காட்டி யாரையும் சிரிக்க வைக்க முடியாது.

அண்ணன்


ஏப்ரல் 9

அண்ணா,

எடுத்துவிட்டோம். வருகிற வெள்ளிக்கிழமை வருகிறது. நீ பார்க்க மாட்டாய், இருந்தாலும் சொல்லி வைக்கிறேன்.

ஆரம்பத்திலேயே முதலாளி பணக்காரன். புது வீடு, மூட்டை முடிச்சு பிரித்துக்கொண்டிருக்கிறார்கள். பழைய தெருக்காரர்கள் வரிசையாக வந்து, "எப்படிப்பா?" என்று கேட்கிறார்கள். அவன் வாயைத் திறக்கும்போதெல்லாம் ஏதாவது குறுக்கே வருகிறது: கட்டில் கதவில் மாட்டிக்கொள்கிறது, அழைப்பு மணி அடித்தால் நிற்க மாட்டேன் என்கிறது, மச்சினன் வெந்நீர்க் குழாயைத் திறந்துவிட்டு குளியலறையிலேயே குடியேறிவிடுகிறான். அரங்கமே உருண்டு உருண்டு சிரித்தது. எப்படி ஆனான் என்று கடைசிவரை யாருக்கும் தெரியாது.

கடைசிக் காட்சியைத்தான் இந்த முறையும் முதலில் எழுதினேன். சோபா இல்லை. கட்டில். விளக்கு மங்குகிறது. "வந்துடுச்சுன்னு வை..." என்று பழக்கத்தில் ஆரம்பிக்கிறான். அதற்குமேல் என்ன சொல்வது என்று அவனுக்குத் தெரியவில்லை. அப்போது மழை வருகிறது. எங்கள் சத்தக்காரர் ஒரு தகரத் தட்டைச் சாய்த்து வைத்து, அதில் அரிசியைக் கொஞ்சம் கொஞ்சமாக உருட்டிவிட்டார். அவ்வளவுதான் மழை. ஒன்பது வருஷமாக ஒழுகின வீட்டை ஜனங்களுக்குத் தெரியும். பெண்டாட்டி சட்டென்று முழங்கையை ஊன்றிப் பாதி எழுந்திருக்கிறாள். அண்ணாந்து பார்க்கிறாள். அவனைப் பார்க்கிறாள். மறுபடி மெதுவாகத் தலையைச் சாய்த்துக்கொள்கிறாள். இரண்டு பேரும் கேட்டுக்கொண்டே படுத்திருக்கிறார்கள்.

பார்க்க வந்தவர்களைச் சிரிக்கச் சொல்லி விளக்கு எரிகிற பலகையை எரியவிட வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். யாரும் சிரிக்கவில்லை. இருட்டுக்குள் இருநூறு பேர் மழையைக் கேட்டுக்கொண்டிருந்தார்கள். தட்டில் அரிசி தீர்ந்துவிட்டது. அப்படியும் யாரும் அசையவில்லை. எனக்கும் அந்தச் சத்தம் கேட்டுக்கொண்டேதான் இருந்தது.

மேலாளர் என்னிடம் வந்து, "இது காமெடியாம்மா?" என்றார். பிறகு கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டு, "இருக்கட்டும்" என்று போய்விட்டார்.

ஒன்பது வருஷத்தில் முதல் தடவையாக அவனை அங்கேயே விட்டுவிட்டு வந்தேன். கூட்டிக்கொண்டு வரவில்லை.

தங்கை


ஏப்ரல் 17

தங்கைக்கு,

பார்த்தேன். வெள்ளிக்கிழமை சாயங்காலம் கடையைச் சீக்கிரம் சாத்திவிட்டு வந்தேன். பையன்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். கடை வைத்த நாளிலிருந்து வெள்ளிக்கிழமைதோறும் எனக்குத் தலைவலி வந்து சீக்கிரம் கிளம்புவதாக அவர்கள் நம்பிக்கொண்டிருக்கிறார்கள், அல்லது நம்புகிற மாதிரி நடிக்கிறார்கள். உன் அண்ணிக்கு மட்டும் தெரியும். அவள் சத்தத்தைக் குறைத்து வைத்துவிட்டுச் சமையலறைக்குப் போய்விடுவாள், நான் தொடர் பார்ப்பதை அவள் பார்க்காத மாதிரி. இந்த வாரம் போகவில்லை. பக்கத்திலேயே உட்கார்ந்தாள்.

இரண்டு குறை. அந்த அளவு வீட்டுக்கு அவ்வளவு மெல்லிய திரைச்சீலை எவனும் போட மாட்டான். புதிதாகக் குடிவந்தவன் வெளியே செருப்பை விட்டு வைப்பானா? உள்ளே எடுத்து வைப்பான்.

மற்றொன்று குறை இல்லை, கேள்வி. அந்த அம்மா பாதி எழுந்து மறுபடி படுத்தாளே, அதை நான் உனக்கு எழுதவில்லையே. அன்றைக்கு மத்தியானம் உன் அண்ணி அப்படித்தான் செய்தாள். முழங்கையை ஊன்றி, அண்ணாந்து பார்த்து, என்னைப் பார்த்து. அதை நான் அவளிடமே பேசினதில்லை. உனக்கு எப்படித் தெரிந்தது? காட்சி வந்தபோது அவள் என் பக்கம் திரும்பி, "உங்க தங்கச்சிகிட்ட எல்லாத்தையும் சொல்லுவீங்களா?" என்று கேட்டாள். "நான் சொல்லலடி" என்றேன். நம்பவில்லை. கண்ணைத் துடைத்துக்கொண்டே நம்பவில்லை.

மறுநாள் கடையில், எனக்கு வெகு நாளாகச் சரக்கு எடுக்கிறவர், மூடிப் பெட்டியைத் திருப்பியவர்களில் அவரும் ஒருவர், கல்லாவுக்கு முன்னால் வந்து நின்று, "நேத்து மனசு நிறைஞ்சு போச்சு, முதலாளி" என்றார். தொடரைச் சொன்னாரா என்னைச் சொன்னாரா என்று கேட்கவில்லை. உட்கார வைத்தேன்.

கனவு இந்த வாரம் வரவில்லை. வந்தால் எழுதுகிறேன்.

இப்போது உனக்கு வேலை ஒன்றும் இல்லை என்று தெரியும். தொடர் முடிந்துவிட்டது. பேருந்து நிலையத்திலிருந்து ஆட்டோ பிடிக்காதே, ஏமாற்றுவார்கள், நான் வருகிறேன். காவல்காரர் கிடையாது. கேட்டு திறந்துதான் இருக்கும். எந்த வண்டியில் வருகிறாய் என்று மட்டும் எழுது.

அண்ணன்


மே 2

அண்ணா,

இதைச் சாப்பாட்டு மேஜையில் உன் மூக்குக்கண்ணாடிக்குக் கீழே வைத்துவிட்டுப் போகிறேன். நீ கடையிலிருந்து வந்ததும் முதலில் கண்ணாடியைத்தான் தேடுவாய். பக்கத்து அறையில் இருந்துகொண்டு கடிதமா என்று அண்ணி சிரிக்கிறார். நேரில் கேட்டால் எனக்கு வார்த்தை வராது. அதனால் எழுதுகிறேன்.

வந்து ஐந்து நாள் ஆகிறது. உன் வீட்டைப் பற்றி உண்மையைச் சொல்லிவிடுகிறேன். கூடத்தில் தொங்குகிற அந்தக் கண்ணாடி விளக்கு ரொம்ப அசிங்கம். மாடிப்படிக் கைப்பிடியில் எதற்கு அத்தனை சிங்கம்? ஒவ்வொன்றும் கொட்டாவி விடுகிற மாதிரி இருக்கிறது. குளியலறையில் தொலைபேசி வைத்திருக்கிறாய். யாரோடு பேசுவாய், அங்கிருந்து? நேற்று வெந்நீரில் அவ்வளவு நேரம் நின்றேன், அண்ணி வந்து கதவைத் தட்டி, "உயிரோட இருக்கியாடி?" என்று கேட்டார். உன் வீடு எனக்குப் பிடித்திருக்கிறது. சிங்கம் உட்பட.

குளிர்சாதனப் பெட்டியைத் திருப்பி அனுப்பினேனே, அன்றைக்கு அது தேவை இல்லை என்று எழுதி அனுப்பினேன். தேவைதான். வெயில் காலம். ஆனால் உன்னிடமிருந்து வாங்கிக்கொண்டால் நீ உண்மையாகவே பணக்காரன் ஆகிவிட்டாய் என்று ஒப்புக்கொண்ட மாதிரி ஆகிவிடும் என்று பயம். அதற்குப் பிறகு நீ கொடுத்த எதையும் தொட்டதில்லை. நீயும் கொடுப்பதை நிறுத்திவிட்டாய்.

விஷயத்துக்கு வருகிறேன். நேற்று அண்ணியோடு கடைத்தெருவுக்குப் போனேன். உன் கடைக்கு இரண்டு கடை தள்ளி, துணிக்கடைக் கண்ணாடிக்குப் பின்னால் ஒரு மஞ்சள் கோட்டு தொங்குகிறது. பெரிய பெரிய பித்தான், உள்ளே வழுவழுவென்று நீலத் துணி. இந்த ஊர் வெயிலுக்கு அதைப் போட முடியாது. எங்கள் ஊரிலும் முடியாது. என் வயதுக்கு அந்த நிறத்தைப் போட்டுக்கொண்டு போனால் தெருநாய் துரத்தும். விலைச்சீட்டைத் திருப்பிப் பார்த்துவிட்டு, அண்ணிக்குத் தெரியாமல் மறுபடி திருப்பி வைத்துவிட்டேன்.

தேவை என்று எதுவும் இல்லை அண்ணா. ஆசையாக இருக்கிறது.

நாளைக்கு வரும்போது வாங்கிக்கொண்டு வா. தயவுசெய்து பேரம் பேசாதே, எனக்கு மானம் போய்விடும். அளவு அந்தக் கடைப் பெண்ணுக்குத் தெரியும். இன்று மட்டும் மூன்று தடவை போய்ப் போட்டுப் பார்த்தாகிவிட்டது.

தங்கை